ஆசாவின் சட்டை

கேப்டன் ஆர்வில் பெக்ஹாம் மேடையில் தூக்கிக் காட்டும் சட்டையில், தேர்தலுக்குத் தேர்தல் ரத்தம் ஈரமாகிச் சொட்டத் தொடங்கிவிடும். அதனால் எங்கள் ஓஹையோ ஊரில் முன்வரிசைக்குப் போகிறவர்கள் பழைய தொப்பியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவார்கள். பிரிந்துபோகப் பார்த்த தெற்கத்திக்காரர்களோடு நடந்த உள்நாட்டுப் போரில், அவருடைய படையில் இருந்து செத்த ஆசா லாத்ராப்பின் சட்டை அது. உடல் கிடைக்கவில்லை, சட்டைதான் வந்தது. அதை ஆட்டிக் காட்டி, தெற்கத்திக்காரர்கள் பக்கம் நிற்கிற எதிர்க்கட்சியைச் சொல்லி, "இவனைக் கொன்னவங்களுக்கா உங்க ஓட்டு?" என்று அவர் கேட்டால் போதும், பேண்டு வாத்தியக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு அழுவார்கள். நாங்களும் அழுதோம், ஓட்டும் போட்டோம். 1868இல் வாஷிங்டன் சபைக்குப் போனவர், அதன் பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் சட்டையும் கையுமாகத்தான்.

ஆசாவின் தாய் கெஸையா அந்தச் சட்டையையாவது புதைத்துவிட வேண்டும் என்று கணவனின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டி வைத்திருந்தாள். அவள் கையால் தைத்த சட்டை. அது மண்ணுக்குள் போனால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்பாள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே வந்து கை நீட்டுவாள்.

"இந்த ஒரு தேர்தல் முடியட்டும்மா. நானே கொண்டாந்து குடுக்குறேன்."

"போன தடவையும் இதத்தானே சொன்னீங்க, கேப்டன்?"

மழை குழியைத் தூர்க்கும், அவள் மறுபடி வெட்டுவாள். அவளுக்குத் தலை நரைத்தது, அவருக்குக் குரல் கம்மியது. ஐந்து ஜனாதிபதிகள் வந்தார்கள், போனார்கள். எங்களுக்கும் அலுத்துப்போனது.

தொண்ணூறுகளில் கோதுமை விலை படுத்துவிட்டது. போருக்குப் பிறகு பிறந்தவர்கள் ஓட்டுப் போட வந்தார்கள். அவர் சட்டையைத் தூக்கியபோது ஒருவன் கத்தினான். "அத மடிச்சு வைங்க பெருசு! கோதுமைய ரயில்ல ஏத்துறதுக்குக் கேக்குற கூலி கட்டுப்படியாகல. அதுக்கு வழி சொல்லுங்க!" கூட்டமே சிரித்தது. அன்று ஒரே ஒரு சொட்டுதான் விழுந்தது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றுப்போனார்.

மறுவாரம் சட்டையை எடுத்துக்கொண்டு கெஸையா வீட்டுக்கு நடந்தே போனார். அவள் அதை மேசையில் விரித்தாள். பத்தொன்பது வயது ஒடிசல் பையனுக்குத் தைத்த சட்டை, இப்போது ஐம்பது வயது ஆளுக்குக் கச்சிதமாக இருக்கும்போல் இருந்தது. தோள் அகன்றிருந்தது, வயிற்றுப் பக்கம் பெருத்திருந்தது, முழங்கை தேய்ந்திருந்தது.

"நான் இதுல கை வைக்கலம்மா," என்றார் அவர்.

"தெரியும். என் தையல் எனக்குத் தெரியாதா?" அவள் முழங்கைத் தேய்மானத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "வளந்துட்டான். வளந்து நிக்கிற பிள்ளையப் போய் யாராவது புதைப்பாங்களா? மம்பட்டி கொல்லையில இருக்கு. போய்க் குழிய மூடிட்டு வாங்க, கேப்டன்."

அவர் போனார். மண்ணைத் தள்ளி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் சட்டை துவைத்து, முழங்கையில் ஒட்டுப்போட்டு, கொடியில் காய்ந்தது. ரத்தக் கறை சுத்தமாகப் போயிருந்தது. பால் வண்டிக்காரர் வேலிப் பக்கம் நின்று பார்த்தார்.

"ஆசா வந்துட்டான் போல. அப்பன் மாதிரியே தொப்பை போட்டுட்டானே," என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பால் ஊற்றி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.