சந்தியோகு வைத்த நேர்த்தி

அந்தக் கிழமை முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போவேன். காய்கிற கருவாட்டைப் பாதி புரட்டி, மீதியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து அலுமாரியைத் திறப்பேன். அலுமாரியில் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. ரின்னுக்குள் என் புருசன் வீட்டுப் பழைய கடிதங்கள். சனிக்கிழமை பின்னேரம் செபமாலை முடிந்ததும் அதில் ஒன்றை எல்லாருக்கும் முன்னால் நான் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தால் என் மகள் தனுசியா கன்னியர் மடத்துப் பிள்ளை.

நான் வங்காலைக்காரி, பேசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் பழைய கடுதாசி என்று ஒரு துண்டுகூட இல்லை. இவர்கள் வீட்டிலோ, என் புருசன் கொன்ஸ்ரன்ரைனின் பூட்டனுக்குப் பாட்டன் சந்தியோகு என்பவர் எழுதின கடிதங்கள் சண்டைக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி வந்திருக்கின்றன. காணி உறுதி போனது, கலியாணப் படம் போனது, கடிதம் போகவில்லை. மாமியார் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாராம். அந்த மனுசிக்கு எது முக்கியம் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சந்தியோகு வெள்ளைக்காரன் காலத்தில் அரிப்பு என்கிற கரையூருக்கு முத்துக்குளிப்புக்குப் படகு கொண்டுபோன தண்டையல், படகுத் தலைவர். ஒரு வருசம் அந்தக் கரையில் பேதி வந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். மனுசன் பயந்துபோய் ஒரு நேர்த்திக்கடன் வைத்து, அதைப் பேசாலையில் இருந்த மனைவி மதலேனாளுக்கு எழுதினார். அந்தக் கடிதம்தான் நான் வாசிக்க வேண்டியது:

“சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். என் பெண்சாதி மதலேனாளுக்குச் சந்தியோகு எழுதிக்கொள்வது. இவ்விடத்திலே சாவு மிகுதியாயிருக்கிறது. நான் தேவமாதாவைச் சாட்சியாக வைத்துச் சொல்லிக்கொண்டதாவது, என் வம்சத்து ஆண்பிள்ளைகள் கடலிலே மரியாதபடிக்கு, தலைமுறைக்கு ஒரு பிள்ளையைச் சர்வேசுரனுடைய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன். மூத்தவன் அந்தோனியைச் சுவாமியாரிடத்தில் அனுப்பிவிடவும்.”

மதலேனாள் அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து தலைமுறைக்கு ஒரு பிள்ளை போகிறது. போகிற பிள்ளையின் தாய்தான் கடிதத்தை வாசிக்க வேண்டும், வாசித்த பிறகு “அப்படியே ஆகக்கடவது” என்று சொல்லி, பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வந்தவரின் கையில் வைக்க வேண்டும். இதுதான் இந்த வீட்டு வழக்கம். நேர்த்தி வைத்தது தகப்பன், கொடுக்கிறது தாய். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று நான் ஒருக்காச் சொல்லப்போய், வேதக்காரி பிள்ளையாரை இழுக்கிறாள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் சிரித்துத் தள்ளவும் முடியாது. இந்த வீட்டு ஆண்கள் எவரும் கடலில் சாகவில்லை என்பது உண்மை. எங்களுக்குக் கலியாணமான புதிதில் என் புருசனுடைய படகு கவிழ்ந்தது. கூடப் போன தம்பு திரும்பி வரவில்லை. இவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னார்ப் பக்கம் கரையேறினார். அன்றைக்கு அந்தக் கடிதத்தை முத்தமிட்டவள் நான்தான். நானும் நம்புகிறவள். அதுதான் என் கரைச்சல்.

இவருடைய அக்கா சிஸ்ரர் பெனடிற்றா போன தலைமுறைப் பிள்ளை. யாழ்ப்பாணத்து மடத்தில் இருக்கிறார். நான் அவரைச் சிஸ்ரர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். தனுசியாவைக் கூட்டிப்போக அவர்தான் வருவதாக இருந்தது. தனுசியா சோதனை எழுதி முடித்து, ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்தாள். மடித்த உடுப்பை உதறித் திரும்ப மடித்தாள். “என்ன பிள்ளை?” என்றால் “ஒண்டுமில்லை அம்மா” என்பாள். ஒன்றுமில்லாத பிள்ளை உடுப்பை அப்படி உதறாது.

அதனால் நான் ரின்னில் இருந்த மற்றக் கடிதங்களையும் வாசிக்கத் தொடங்கினேன். ஒருவரும் வாசிப்பதில்லை. புள்ளி இல்லாத, கொக்கி கொக்கியான எழுத்து. கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். எங்கேயாவது ஒரு விலக்கு இருக்கும், நேர்த்தியை இறக்கிவைக்க ஒரு வழி இருக்கும் என்று தேடினேன். இருந்ததெல்லாம் குடும்பம். சர்வேசுரன் ஒரு வரி, பாரைக் கருவாடு ஒரு வரி. பிள்ளைக்கு இருமல், தேவமாதா பிரார்த்தனையை விடாதே, கோவாக்காரச் சுவாமியிடம் போகாதே, பிரெஞ்சுக்காரச் சுவாமியிடமே பூசை காண், சீத்தைத் துணி அனுப்பியிருக்கிறேன், அம்மாவோடு சண்டை பிடியாதே. மனுசனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அது இன்னும் கரைச்சல்.

மதலேனாளின் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோயில் உபதேசியாரைக் கொண்டு எழுதுவித்தது. அதிலாவது ஒரு பெருமூச்சு இருக்கும் என்று பார்த்தேன். “நீர் செய்தது நன்று. அந்தோனியை அனுப்பினேன். அப்படியே ஆகக்கடவது. வலை நூல் முடிந்துபோயிற்று.” அவ்வளவுதான். எனக்கு அவளில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதேன் என்றாவது எழுதுவிக்கக் கூடாதா? அல்லது, அழுததை உபதேசியாருக்குச் சொல்ல வெட்கப்பட்டாளோ, எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சிஸ்ரர் மச்சாள் வந்தார். சொந்தக்காரர் வந்தார்கள். வீடு கொள்ளாமல் கதிரைகளை முற்றத்தில் போட்டோம். செபமாலை முடிந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் நான் கடிதத்தை எடுத்து வாசித்தேன். தடக்காமல் வாசித்தேன். முடிந்ததும் தனுசியாவின் கையைப் பிடித்தேன். அது ஐஸ் மீன் போலக் குளிர்ந்திருந்தது.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

“தனுசியா, உனக்குப் போக விருப்பமோ?”

“இதென்ன புதுப் பழக்கம்?” என்றார் என் புருசன். “சொல்லவேண்டியதைச் சொல்லி முடி.”

“சொல்லுவன். முதல்ல அவள் சொல்லட்டும்.”

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். “எனக்குத் தெரியேல்லை அம்மா. ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்காததால நானும் யோசிக்கேல்லை. விருப்பமாயும் இருக்கலாம். எனக்குத் தெரியேல்லை.”

“கடவுளுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கிறியோ?” என்று இவர் கத்தினார். கோபமா பயமா என்று அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை.

“நான் இன்னும் குடுக்கேல்லை” என்றேன்.

எல்லாரும் சிஸ்ரர் மச்சாளைப் பார்த்தார்கள். அவர் திட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“எங்கட அம்மா என்னைக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்” என்றார். “எனக்கு அவ்வளவு விருப்பம். ஆனா அவ கேக்கேல்லை. இப்பவும் முழங்கால்ல இருக்கேக்க, நானா வந்தனானோ, என்னை அனுப்பிப்போட்டினமோ எண்டு ஒரு நினைப்பு வந்து குழப்புது. பிள்ளை ஆறுதலா யோசிக்கட்டும். நான் நாளைக்குத் தனியப் போறன்.”

ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு அவர் பஸ் ஏறினார். நான் செய்ததை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

திங்கட்கிழமை விடிய இவர் கடலுக்குப் போகவில்லை. எஞ்சின் சரியில்லையாம். செவ்வாய் காற்று சரியில்லையாம். மற்றப் படகுகள் அந்தக் காற்றில்தான் போய் மீனோடு வந்தன. புதன் தலையிடி. காய்ச்சலோடும் கடலுக்குப் போகிற மனுசன், மூன்று நாளாக முற்றத்தில் இருந்து, கிழியாத வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. “என்ன கொன்ஸ்ரன், கடல் கசந்துபோச்சோ?” என்று வேலியால் எட்டிப்பார்த்துக் கேட்டார்கள். இவர் குனிந்து ஊசியில் நூலைக் கோத்தார். நானும் போங்கோ என்று சொல்லவில்லை. அவர் கண்முன்னால் இருப்பது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

தனுசியா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு திரிந்தாள். வியாழன் விடிகிற வெள்ளாப்பில், இவர் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு இருந்தபோது, அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, கடலுக்குப் போங்கோ.”

“எஞ்சின்...”

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. நீங்கள் பயந்து வீட்டில இருந்தால் நான் மடத்துக்குப் போகத்தான் வேணும். வேற என்ன செய்யிறது? நீங்கள் போய் வந்தால்தான் நான் யோசிக்கலாம். எனக்கு உண்மையா என்ன விருப்பம் எண்டு அப்பதான் தெரியும். போங்கோ அப்பா.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பிறந்த அன்றைக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த மனுசனுக்குக் கண் கலங்கி நான் கண்டது அன்றைக்குத்தான்.

“சோத்தைக் கட்டு” என்றார் என்னிடம்.

நானும் தனுசியாவும் அவரோடு கரைக்குப் போனோம். கரையில் நின்றவர்கள் பகிடி விடாமல் விலகி வழி விட்டார்கள். இவர் கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். படகைத் தள்ளி, ஏறி, எஞ்சினை இழுத்தார். அது முதல் இழுவையிலேயே பிடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மணலில் முழங்காலில் நின்று மன்றாடினேன். ஆண்டவரே, இவரைத் திருப்பி அனுப்பும் என்று கேட்டேன். பதிலுக்கு ஒன்றும் தருவதாகச் சொல்லவில்லை.