திங்கட்கிழமை வேனில் சொன்ன படம்

ஹெலன் படம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, சோறாக்கி வைத்துவிட்டு மேட்னி ஷோவுக்குக் கிளம்பிவிடுவாள். பார்த்த படத்தைச் சொல்வது திங்கட்கிழமை, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில். நாட்றம்பள்ளியில் புறப்படுகிற வேன் வாணியம்பாடியில் கடைசி ஆளை ஏற்றிக்கொண்டதும் பின்சீட்டிலிருந்து தனகோடி குரல் கொடுப்பாள்.

"இன்னா ஹெலனு, படம் பாஸா, ரிஜெக்டா?"

கம்பெனியில் ஷூவைச் சோதிக்கிறவர்கள் சொல்கிற வார்த்தைகள்தாம். பழுதில்லாதது பாஸ். பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ரீவொர்க். தேறவே தேறாதது ரிஜெக்ட். ஹெலன் சினிமாவையும் அப்படித்தான் தரம் பிரித்தாள், எந்த ஹீரோவுக்கும் பயப்படாமல். "முதல் சீன்லயே அம்மா இருமுறா. இண்டர்வலுக்குள்ள மாலை போட்ருவாங்கன்னு டிக்கெட் கிழிக்கிறவனுக்கே தெரியும். ரீவொர்க்" என்பாள். இன்னொரு படத்துக்கு, "ஓடுறப்ப கறுப்பு ஷூ, சுவரு தாண்டி குதிக்கிறப்ப பழுப்பு ஷூ. நடுவுல கடைக்குப் போய்ட்டு வந்தானா? ரிஜெக்ட்!" என்றாள். வேனே குலுங்கியது. நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் குனிந்து கிடக்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு மத்தியானச் சாப்பாடு வரை தாங்கும்.

முன்சீட்டில், காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான் ரெனால்ட். அவர்கள் தையல் லைனின் சூப்பர்வைசர், வாணியம்பாடியில் ஏறுகிற கடைசி ஆள். பாவம், தூங்குகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

பாவமுமில்லை, தூக்கமுமில்லை. அது ஹெலனுக்குத் தெரிந்தது அவள் வீட்டில் வைத்துத்தான். அவள் புருஷன் சத்தியநாதன் பெட்ரோல் பங்க் வேலை முடிந்து வந்து, போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"இங்க வா, இந்தப் பையன் பேசுறத கேளேன்."

போனில் ரெனால்ட், சினிமா விமர்சனம் சொல்கிற வீடியோவில். பின்னால் கலர் விளக்கு, கழுத்தில் கூலிங்கிளாஸ். "நடுவுல கடைக்குப் போய்ட்டு வந்தானா? ரிஜெக்ட்!" என்று கையால் காற்றை வெட்டினான். அவளுடைய வார்த்தை, அவளுடைய இழுப்பு, அந்தக் கை வெட்டு உட்பட.

"இன்னா மூளை பாத்தியா!" என்றான் சத்தியநாதன். "நீயும்தான் வாராவாரம் போற. உனக்கு இந்த மாதிரி ஒண்ணாவது தோணிருக்கா?"

"அது நான் சொன்னதுங்க. எங்க வேன்ல சொன்னது."

அதற்கும் சிரித்தான். திருடியவனைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். கட்டினவன் சிரித்த இந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் லைனிலேயே கேட்டாள். "அதெல்லாம் நான் பேசுனது சார். என் பேரையாச்சும் சொல்லிருக்கலாமே."

ரெனால்ட் மறுக்கக்கூட இல்லை. "சினிமாவ பத்தி யார் வேணா பேசலாம்க்கா. நீ பேசுனா ஒரு வேன் கேக்குது. நான் பேசுனா ஊரே கேக்குது. சந்தோஷப்படு. போ, டார்கெட் கம்மியா இருக்கு பாரு."

சந்தோஷப்பட வேண்டுமாம்! அன்று அவள் பெடலை மிதித்த மிதியெல்லாம் அவன் கழுத்தை நினைத்து மிதித்தவை.

அந்த வாரம் பெரிய ஹீரோ படம் ஒன்று வந்தது. மீனவன் கதை. வில்லன் தங்கச்சியைக் கொன்றுவிடுகிறான், அண்ணன் அவனைத் தேடிப் பழிவாங்குகிறான். ஹெலன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். திங்கட்கிழமை, வேன் வாணியம்பாடியைத் தொடுவதற்கு முன்பே படத்தின் நிஜக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தான் செய்யப்போவதையும் சொன்னாள்.

"அல்லா! எனக்கு சிரிப்பு வந்துட்டா?" என்றாள் பக்கத்து சீட்டு ஹஃப்ஸா.

"வந்தா இருமு."

"அவன் தியேட்டருக்குப் போய் பாத்துட்டான்னா?"

"படம் பாக்குற ஆளா இருந்தா என் வாயை எதுக்குடி திருடுறான்?"

ரெனால்ட் ஏறினான், இயர்போனைச் செருகினான், கண்ணை மூடினான். தனகோடி வழக்கம்போலக் கேட்டாள். ஹெலன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்த மாதிரி படம் நான் பாத்ததே இல்லடி. கடல்ல வலை போடுறான். தங்கச்சியைக் கொன்னவனோட ஷூ ஒண்ணு வலையில மாட்டுது. அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். தையலைத் தடவிப் பாக்குறான். 'இந்த மாதிரி தைக்குற கை ஒரே ஊர்லதான் இருக்கு'ன்றான். எந்த ஊருன்ற? நம்ம ஆம்பூரு! அப்புறம் இங்க வர்றான். கம்பெனி கேட்டுல ஷிப்டு விட்டு வர்ற பொம்பளைங்கள நிக்க வெச்சு ஒரு சல்யூட் அடிச்சான் பாரு, தியேட்டரே எழுந்து நின்னுச்சு. பாஸ்டி. டபுள் பாஸ்!"

தனகோடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹஃப்ஸா ஆம்பூர் வரை இருமினாள்.

அன்று சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. 'ஆம்பூருக்கு ஒரு சல்யூட்!' என்று தலைப்பு. "நானே தியேட்டர்ல எழுந்து நின்னேங்க, கண்ணு கலங்கிருச்சு" என்று மூக்கை வேறு உறிஞ்சினான். நம்ம ஊர்ப் பெயர் படத்தில் வருகிறது என்றால் யார் சும்மா இருப்பார்கள்? பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வேலை நடக்கிற ஊர்களில் எல்லாம் அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. செவ்வாய்க்கிழமை சாயங்கால ஷோவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்தார்கள். சத்தியநாதனும் பங்க் தோஸ்துகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, சிரித்த முகமாக வழியனுப்பி வைத்தவள் ஹெலன்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஆம்பூர் வரவில்லை. சல்யூட் வரவில்லை. ஷூ எங்கிருந்து வரும்? மீனவன் படம் முழுக்க வெறுங்காலோடு நடக்கிறான், வில்லன்கூட ரப்பர் செருப்புதான்.

'ஹீரோ காலுக்கே செருப்பு இல்ல, உன் கண்ணு எதைப் பாத்துடா கலங்குச்சு?' என்று ஒருவன் எழுதினான். அதன் கீழே ஊரே திரண்டு வந்து, 'ரிஜெக்ட், ரிஜெக்ட்' என்று எழுதிவிட்டுப் போனது. ரெனால்ட் வீடியோவை அழித்தான். அதற்குள் அது எத்தனையோ போன்களில் பத்திரமாக இருந்தது.

புதன்கிழமை அவன் ஹெலனின் மிஷின் முன்னால் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட?"

"இன்னா சார் பண்ணேன்? சினிமாவ பத்தி யார் வேணா பேசலாம்னு நீங்கதானே சொன்னீங்க. நான் ஒரு வேனுக்குத்தான் சொன்னேன். ஊருக்குச் சொன்னது நீங்க."

லைனில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். தனகோடி மட்டும் மெதுவாகக் கையை வெட்டிக் காட்டினாள். ஹெலனுக்கு உள்ளுக்குள் அப்படி இனித்தது. ஆனால் வேலை இன்னும் பாதி பாக்கியிருந்தது, வீட்டில்.

வீட்டில் சத்தியநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பங்க்கில் பெட்ரோல் போட வருகிறவன்கூட, 'ஷூ கிடைச்சுதாண்ணா?' என்று கேட்கிறானாம்.

"நீ ஞாயித்துக்கிழமையே பாத்துட்டு வந்துட்ட. அப்டி ஒரு சீனே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஹெலன் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க கேட்டீங்களா?"

அவன் போனை எடுத்துத் தடவினான்.

"கல்யாணம் ஆனதுல இருந்து வாராவாரம் போய்ட்டு வர்றேன். படம் எப்டி இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். அவன் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று கேட்டான்.

"சரி, படம் உனக்கு எப்டி இருந்துச்சு?"

"திங்கக்கிழமை காலையில வேனுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் ஹெலன். "ரெனால்டு இனிமே பைக்குல போறானாம். முன்சீட்டு காலியாத்தான் இருக்கு."