மூன்றாம் பாட்டில் ஒரு சிரிப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மூக்குக் கண்ணாடி சரிசெய்யப் போன கடையில் அகப்பட்டது. கழன்ற திருகாணியைப் பொருத்திக்கொண்டே கடைக்கார அம்மாள் முழுதையும் சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்ததும்தான் தகராறு.

முதல் தொடக்கம்: ‘நூற்றிருபது வருடப் பழமையான அந்த நகர மண்டபத்தின் தூண்கள்...’ வேண்டாம். தூண்களுக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாவது: ‘அவள் சிரித்தாள்.’ இது பரவாயில்லை.

2

சிரித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. மூச்சுக் காட்டக் கூடாது என்று சொல்லி, மண்டபத்தின் மாடி வரிசையில் அக்கா உட்கார வைத்திருந்தாள். கீழே மேடையில் அக்காவின் குழு தன் ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. எதிரொலி அழகாக விழும் என்பதால் அந்த இடம். கிடைத்தது ஒரே ஒரு பகல்.

மூன்றாம் பாட்டில் அக்காவின் வயலின் உருகி உருகி மேலேறியது. அவளுக்குப் பின்னால், டிரம்ஸ்காரரின் சுழல் முக்காலி திருகாணி கழன்று மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. மனிதர் அடிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில் டிரம்முக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

கிளுக்கென்று கிளம்பிய சிரிப்பு மண்டபம் முழுக்க உருண்டது. மறுபடி பதிவுசெய்ய நேரமில்லை. அப்படியே இசைத்தட்டில் ஏறிவிட்டது.

(கண்ணாடியிலும் திருகாணி, முக்காலியிலும் திருகாணி. இதற்கு ஓர் உட்பொருள் வைக்கலாமா என்று அரை நாள் யோசித்தேன். திருகாணி என்றால் கழலத்தான் செய்யும், விட்டுவிட்டேன்.)

3

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. சலூன், பஸ், கல்லூரி விடுதி எங்கும் அதே பாட்டு. முணுமுணுப்பவர்கள்கூட அந்த இடம் வந்ததும் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் மேலே பாடினார்கள்.

“உசிரக் குடுத்து வாசிச்சேன். ஜனங்களுக்கு உன் இளிப்புதான் ஞாபகம்” என்பாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொல்வாள். நாற்பது வருடமாகச் சொல்கிறாள்.

[இங்கே அக்காவைக் கொஞ்சம் பொல்லாதவளாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தங்கைக்கு இந்தக் கண்ணாடிக் கடை வைக்க இடம் தேடி அலைந்தவளே அவள்தான்.]

4

நாற்பதாம் ஆண்டில் அதே மண்டபத்தில், ஏழு பாட்டுகளையும் அதே வரிசையில் வாசிக்க ஏற்பாடானது. பழைய ஆட்களில் மிச்சம் அக்கா மட்டும். புது ஆட்களைச் சேர்த்த கீபோர்டுக்காரர், இசைத்தட்டு வந்த பிறகு பிறந்தவர். ஒருநாள் கடைக்கே வந்து நின்றார்.

“அம்மா, நீங்க சிரிக்கணும்.”

“எதுக்குங்க?”

“மூணாவது பாட்டுல. அதே சீட்ட உங்களுக்குன்னு வச்சிருக்கேன். அந்தச் சிரிப்பு இல்லன்னா அது அந்த ஆல்பமே இல்லம்மா.”

அவர் போனதும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“சிரிக்கச் சொல்றாங்கக்கா.”



“உன் இஷ்டம்டி. ஒரே ஒரு தடவ அத முழுசா வாசிச்சிடணும்னு இருந்துச்சு. விரலும் முன்ன மாதிரி இல்ல.”

5

மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாம் பாட்டில் வயலின் ஏறத் தொடங்கியதும், மாடி வரிசையில் அவள் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கீபோர்டுக்காரர் அண்ணாந்து கண்ணாலேயே கெஞ்சினார். அவள் முடியாதென்று தலையாட்டினாள்.

அந்த இடம் வந்தது.

சபை சிரித்தது. எண்ணூறு பேர், சொல்லிவைத்தாற்போல, அதே கிளுக், அதே உருளல்!

(முடிவு அ: அக்கா வயலின் வில்லை வீசிவிட்டு மேடையிலிருந்து... அடித்துவிட்டேன். முடிவு ஆ: தங்கை எழுந்து நின்று, எல்லாரும் கொஞ்சம்... இதுவும் வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.)

அக்கா வாசிப்பை நிறுத்தினாள். அவள் தோளும் குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு மைக்கருகே வந்தாள்.

“ஆச்சா? சரி. இப்ப நான் வாசிச்சுக்கட்டுமா?”

தனியாக, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஓரிடத்தில் விரல் தடுமாறியது; அவள் நிற்கவில்லை. சபையில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. குறுக்கே ஒரு சத்தமும் விழாமல் அந்த வாசிப்பு அதன் கடைசி ஸ்வரம்வரை போய்ச் சேர்ந்தது.

6

கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அக்கா தங்கையிடம் ஒன்று சொன்னாளாம்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அது எதுக்கு சார் கதைக்கு?” என்று அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார் கடைக்கார அம்மாள்.

ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதிலும் நான்தான் பேசுகிறேன். உங்களுக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்களிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

“............................................” என்றாள் அக்கா.