முந்நூறு குதிரை எஞ்சின்

நெலிதாவின் கொட்டகை ஊருக்கு வெளியே, சோயா வயல்களுக்கு நடுவே இருந்தது. காரின் பின்சக்கரங்களை இரும்பு உருளைகள் மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டி முழு வேகத்தில் ஓடவிட்டால், எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று திரையில் எண் வரும்; அதைத் தாளிலும் அச்சடித்துக் கொடுப்பாள். பந்தயப் பைத்தியம் பிடித்த அந்த அர்ஜென்டினச் சிற்றூரில், ஞாயிறு காலை பாதி ஊர் அங்கேதான் நிற்கும். ஒண்டிக்கட்டையான நெலிதாவுக்கு அந்தக் கூட்டம்தான் குடும்பம்.

ஒரு ஞாயிறு எல்வியோவின் கார் உருளையில் ஏறியது. அவளோடு பள்ளியில் படித்தவன். ஊரின் ஒரே பந்தய ஓட்டுநர். எஞ்சினைக் கட்டியவர் அவன் மாமனார் தார்சியோ. முந்நூறு குதிரை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் 261 வந்தது.

நெலிதா மறுபடி ஓட்டினாள். 260. மூன்றாம் தடவை 262.

"சக்கரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள கொஞ்சம் தேயும்ல?" என்றார் தார்சியோ.

"அதையும் சேர்த்துத்தான் காட்டுது, தார்சியோ ஐயா."

"அப்போ உன் மெஷினுக்குத்தான் கிறுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்வியோ அவளைத் தனியே அழைத்தான். "ஏ ஒல்லி, தாள்ல முந்நூறுன்னு அடிச்சுக் குடுத்துடேன். உனக்கென்ன குறையப் போகுது?"

"நாளைக்கு நிஜமாவே முந்நூறு வந்தா யாருடா நம்புவா?"

261 என்றே அடித்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்தான். வருபவர்களுக்கு விருந்து வைக்கும் பழக்கத்தில் பத்துப் பேருக்கு வாங்கிய இறைச்சியைச் சுட்டு, மூன்று நாள் தனியாகத் தின்றாள். ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடும். எப்போதாவது வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே குளிர்காலமான ஆகஸ்டில், ஊரே மதியத் தூக்கத்தில் இருந்த நேரம், எல்வியோ மட்டும் காரோடு வந்தான்.

"தலைநகர்ல ஒரு இடத்துல ஓட்டிப் பாத்தேன். இருநூத்து அம்பத்தொம்பது."

அவள் சிரிக்கவில்லை. "ஏத்து," என்றாள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை ஓர் அளவு பெரிதாக மாற்றினாள். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளினாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு, மூன்று குதிரை கூடியது. மூன்று மணி நேரம் கழித்துத் திரையில் 278. எல்வியோ கத்திக்கொண்டே அவளைத் தூக்கிச் சுற்றினான். அவளும் சத்தம் போட்டுச் சிரித்தாள். தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

கிளம்பும்போது அவன் தயங்கினான். "ஒல்லி... நான் இங்க வந்தது மாமாவுக்குத் தெரிய வேண்டாம். வீட்டுல இருக்க விடமாட்டாரு."

"சரி, போ."

அடுத்து நடந்த பந்தயத்தில் எல்வியோ மூன்றாவதாக வந்தான். ஊர் வழக்கப்படி தீயணைப்பு வண்டியின் மேல் அவனையும் தார்சியோவையும் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தார்கள். நெலிதா சதுக்கத்து ஓரமாக நின்றாள்.

"தார்சியோவுக்குத் தங்கக் கை, இல்ல?" என்றாள் பக்கத்தில் நின்ற ரொட்டிக் கடைக்காரி. பல மாதங்களுக்குப் பிறகு நெலிதாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"நல்ல எஞ்சின்," என்றாள் நெலிதா.

வண்டி அருகே வந்தது. எல்வியோ அவளைப் பார்த்தான். உடனே எதிர்ப்பக்கம் திரும்பிக் கையசைத்தான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.