ஏழாவது வாசலுக்கு ஆள் தேவை

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி பதினேழு நிமிடத்துக்கு உதயிடமிருந்து செய்தி வந்தது. "சாரிங்கண்ணா, மாமன் ஊட்டுல சீருங்க. இன்னைக்குக் காங்கேயத்துலயே இல்லீங்க. அடுத்த வாரம் பார்க்கலாமுங்கண்ணா." கீழே கைகூப்புகிற படம் ஒன்று. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கோபிச்செட்டிபாளையத்தில் அக்ஷிதாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. பீளமேட்டில் தேஜாவின் அலுவலகத்தில் மூன்றரை மணிக்கே சர்வர் படுத்துவிட்டது. தொடர்ந்து நான்காவது வாரம். என் ஆட்டக் குழுவின் மூன்று பேர் தலையிலும் ஒரே நேரத்தில் இடி விழுகிறது, அதுவும் ஞாயிறு பார்த்து விழுகிறது. பொய் சொல்வதற்குக்கூட மெனக்கெடாத பிறவிகள். நான் ஹெட்போனைக் கழற்றாமல் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் எலெக்ட்ரானிக் தராசு விற்கிறவன். உக்கடத்தில் கடை, ரிப்பேரும் உண்டு. பத்து கிராம் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது. மனிதர்கள் கிலோக்கணக்கில் குறைவாக இருப்பதைத்தான் இந்த நாற்பது வயதுக்குள் பார்த்து முடித்திருக்கிறேன். எனக்கு இருக்கிற ஒரே ஆசை இந்தக் கதையாட்டம். பலகை, காய் எதுவும் கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவைத் தட்டுகிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். அவரவர் வீட்டிலிருந்தே கணினியிலோ போனிலோ பேசி ஆடலாம். ஒரு கதை முடிய ஒரு வருடம்கூட ஆகும். அதற்கு வாரம் தவறாமல் வருகிற ஆட்கள் வேண்டும். கோயம்புத்தூரில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், அது மட்டும் கிடைக்காது.

என் கதை ஏழு வாசல் கோட்டை. நான்கு வருடம் உட்கார்ந்து இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவலன், ஒரு சட்டம், ஒரு சாபம். இதற்கு முன் மூன்று குழு சேர்த்தேன். முதலாவது இரண்டாம் வாசலில் கலைந்தது. அடுத்தது கல்யாண சீசனில் கரைந்தது. மூன்றாவது கிரிக்கெட் தொடங்கிய அன்றே காணாமல் போனது. ஒரே ஒரு தடவை, யாராவது நான்கு பேர் ஏழாவது வாசலுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் பிப்ரவரியில் அறிவிப்புப் போட்டபோது முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம் ஒன்றையும் சேர்த்தேன். பொழுதுபோகாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று மேலேயே எழுதினேன். 'கடந்த ஓராண்டில் தொடங்கிப் பாதியில் விட்டவை எவை?' என்பது இருபத்தேழாவது கேள்வி. அதுதான் என் சல்லடை. நாற்பத்தொரு பேர் நிரப்பினார்கள். படித்துப் பார்த்தபோது இந்த ஊருக்கு இத்தனை கல்லூரி எதற்கு என்று தோன்றியது. ஒருத்தர் எல்லாக் கேள்விக்கும் 'இன்ட்ரஸ்டட்' என்றே போட்டிருந்தார். இன்னொருவர் வரன் தேடுகிற நினைப்பில் சம்பளம், சொந்த வீடு, நட்சத்திரம் எல்லாம் சொல்லியிருந்தார். பாதிப் பேர் 'பார்க்கலாமுங்க'. பார்க்கலாம் என்று எழுதவும் ஒரு ஆள் படிவத்தைத் திறப்பானா?

சலித்து எடுத்ததில் தேறியவர்கள் மூன்றே பேர். தேஜா கணினிக்காரன், அக்ஷிதா பிசியோதெரபிஸ்ட், உதய் அப்பாவின் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொள்கிறவன். நான்காவது ஆள் தேறவேயில்லை. தேஜா செய்த மடத்தனத்தால், அவன் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்கு என் அறிவிப்பு போய், அங்கே சனிக்கிழமைதோறும் காய் கொண்டுவருகிற பொன்னாத்தாள் என்கிற அம்மா ஒரு படிவத்தை அனுப்பியிருந்தார். முப்பத்தொரு கேள்வி காலி. கடைசியில், 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற இடத்தில், 'ஞாயித்துக்கெழம சாயங்காலம் தோட்டத்துல வெங்காயத்தாள் அறுத்துக்கிட்டு சும்மாதானுங்க இருப்பேன். கதை கேக்கப் புடிக்குமுங்க.' கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். தேஜா கெஞ்சினான், பாவமுங்கண்ணா, கேட்டுட்டு மட்டும் இருக்கட்டுமுங்க என்று. சரி, வாயைத் திறக்கக் கூடாது, மைக்கை அணைத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்தேன்.

"சரிங்க பாய்" என்றார் போனில். "அப்பறம், நீங்க தராசுக் கடைன்னு தேஜா தம்பி சொல்லுச்சுங்க. எங்க தராசு ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது, ஓடிக்கிட்டே இருக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

"அடுத்த வாரம் வாரேனுங்க" என்றேன். அவர் தோட்டம் இருக்கிற தொண்டாமுத்தூருக்கு யார் போவது?

எட்டு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. நான் உழைத்த உழைப்பு அப்படி. தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு உயிர்ப்புள்ளி கழித்தேன். போன வாரம் நடந்ததைச் சுருக்கி எழுதிவரச் சொன்னேன், பிழைகளைச் சிவப்பில் திருத்தி அனுப்பினேன். மூன்றாம் வாசலில் அக்ஷிதா, "நான் காவக்காரனோட சண்டை போடலீங்கண்ணா. பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுக்கறேன்" என்றாள். அந்தக் காவலன் ஊமை. அறுபத்தொன்றாம் பக்கம் மூன்றாம் பத்தியில் தெளிவாக இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். "அப்ப சைகையில பேசறேனுங்க" என்றாள். அறுபத்திரண்டாம் பக்கத்தையும் வாசித்தேன், அவனுக்குக் கண்ணும் கிடையாது. பிறகு உதய், "சரிங்கண்ணா, வெட்டறேனுங்க" என்றான். அப்போது அவர்கள் விதிகளின் அருமையைப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் காய்ச்சலும் சீரும் சர்வரும். வருகை விதிகள் என்று பன்னிரண்டு எழுதிக் குழுவில் போட்டேன். மூவரும் 'சரிங்கண்ணா' போட்டார்கள். வரவில்லை.

ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த என்னைக் கடந்துபோன ரம்ஷா நின்றாள். பன்னிரண்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்னா வரமாட்டோம்னு அர்த்தம். இந்த ஊர்ல பொறந்து வளந்த உங்களுக்கு இது தெரியாதா?"

"அப்ப முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதான?"

"தொண்டாமுத்தூர் அம்மாவுக்கு நீங்க அப்புடித்தான் சொன்னீங்களா? மூணு மாசமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னுட்டு இருக்கறீங்க."

இந்தக் கோழைகளுக்கும் எனக்கும் வித்தியாசம் உண்டு என்று காட்ட, ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். போனில் சொல்லக்கூட இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். வழியெல்லாம் தென்னை, மேற்கே மலை, யானைக்குப் பயந்து கட்டிய கம்பி வேலி. கேட்டைத் திறந்து உள்ளே போனேன். சாளை வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில், வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகு காட்டி ஒரு அம்மா பலகைமேல் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எதிரே தக்காளிப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதன் பக்கத்தில் நான் ரிப்பேர் செய்ய வேண்டிய தராசு.

"ஆறாவது வாசக் காவக்காரன் மெதுவா எந்திரிச்சு நிக்கறானுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நின்னு, உங்க மூணு பேரையும் ஒருக்கா பாக்கறான். பாத்துப்போட்டு, 'ஏனுங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறான்."

போனுக்குள் அக்ஷிதா சிரித்தாள். காய்ச்சல்காரி. "அக்கா, அவனுக்கு எங்க கட்டுச்சோத்தைக் குடுக்கறேனுங்க. வாங்குவானா?"

"தராசு சொல்லோணும் கண்ணு." அந்தம்மா தராசுத் தட்டில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தார். எண்கள் ஓடத் தொடங்கின. 0.412, 0.087, 0.395. எடையை உணர்கிற லோட் செல்லில் ஈரம் இறங்கியிருக்கிறது, பார்த்தவுடனே தெரிந்தது.

"நிறுத்துங்க!" என்றாள் அக்ஷிதா.

"கடைசி எண் எட்டு, அஞ்சுக்கு மேல. வாங்கிக்கிட்டான் அம்மணி. பசியோட இருந்திருப்பான்னாட்ட இருக்குது, உக்காந்துட்டான். கதவு தொறந்திருச்சு."

"ஐயோ அக்கா, ஏழாவதுக்கு வந்துட்டமுங்க!" இது உதய். காங்கேயத்திலேயே இல்லாதவன். அவன் குரலுக்குப் பின்னால் எண்ணெய் மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

நான் எட்டு வாரத்தில் மூன்றாம் வாசல் வரை இழுத்துவந்தேன். இவர் நான்கு வாரத்தில் ஏழாவதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அதுவும் பழுதான தராசை வைத்து, வெட்ட வேண்டிய காவலர்களைப் பேசவிட்டு, சோறு போட்டு. நெட் இழுக்கிற இழுப்பில் 'நிறுத்து' என்ற சொல் வந்து சேர்வதற்குள் ஐந்து எண் மாறிவிடும். இதெல்லாம் ஒரு ஆட்டமா? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. என் திரை மூலையில் மைக் அணைத்து உட்கார்ந்திருந்த இந்தம்மாவின் செம்பருத்திப் பூப் படத்தையும் நான்கு வாரமாகக் காணவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

பையை நழுவவிட்டேன் போலிருக்கிறது. அந்தம்மா திரும்பினார். என் சட்டைப்பையில் கடைப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறைக்க வேண்டியது எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"வாங்க வாங்க பாய்! ஏனுங்க, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? கண்ணுகளா, யூசுப் பாய் வந்திருக்கறாருங்க!"

போனுக்குள் உதயின் மில் மட்டும் ஓடியது. பிறகு மூன்று பேரும், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, "வாங்கண்ணா" என்றார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டும், வந்தவனை வாங்க என்று கேட்கிற ஜாதி. என்ன செய்வது இவர்களை?

"உங்களுக்குக் கடையில வேலை ஜாஸ்தி, ஞாயித்துக்கெழமகூட ஒழியறதில்ல, நீங்க கதையை நடத்துங்கக்கான்னு தேஜா தம்பி சொல்லுச்சுங்க" என்றார் பொன்னாத்தாள், எனக்கு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டபடி. "எட்டு வாரமும் நீங்க சொன்னதை ஒண்ணுவிடாமக் கேட்டிருந்தேனுங்களா, அந்தத் தைரியத்துல சொல்லிக்கிட்டு இருக்கறேன். தப்பு இருந்தாப் பொறுத்துக்கோங்க."

"அண்ணா, அது வந்துங்கண்ணா..." என்று தேஜா தொடங்கினான். முடிக்கவில்லை. முடித்துவிடுவானோ என்று எனக்கே பயமாகத்தான் இருந்தது.

என்ன கேட்பது? 'என்னிடம் ஏன் சொல்லவில்லை' என்றால் சொல்லிவிடுவார்களா? ஆளாளுக்கு ஒரு பொய், எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று, எல்லாம் யார் மனமும் நோகாமல். ஆனால் நான்கு ஞாயிறும், நான்கு மணிக்கு, ஒருவர் தவறாமல் வந்திருக்கிறார்கள். நான் முப்பத்திரண்டு கேள்வி கேட்டுத் தேடிய ஆட்கள் இவர்கள்தான். வராமல் போனது என்னிடம் மட்டும். அது நெஞ்சில் குத்தியது, குத்தவில்லை என்று சொல்ல மாட்டேன்.

குனிந்து பையை எடுத்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தராசைக் கவிழ்க்கப் போனேன். நான் வந்த வேலை அது.

"ஐயோ, அதைச் செரி பண்ணிப்போடாதீங்க பாய்" என்று அந்தம்மா அவசரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டார். "எடை போட வேற வாங்கிட்டனுங்க. இது கதைக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்ல நேரத்துலதான் வந்தீங்க. ஏழாவது வாசலுக்கு முன்னால நிக்கறாங்க. ஆறு வரைக்கும் நானாக் கட்டி ஓட்டிப்போட்டனுங்க, கடைசி வாசலுக்குள்ள என்ன இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. அது எனக்குத் தெரியாது. நீங்கதான் எழுதி வெச்சிருக்கறீங்களாமே?"

"ஆமாங்கண்ணா" என்றது அக்ஷிதாவின் குரல், மிக மெல்ல. "தொறக்கட்டுமுங்களா?"

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் 'ஏழாவது வாசல்' என்ற தலைப்பு இருக்கிறது. அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே எதுவும் இல்லை. அங்கே யாரும் வந்து நிற்பார்கள் என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. பொன்னாத்தாள் என் இன்னொரு கையைப் பிடித்துத் தட்டின்மேல் வைத்து அழுத்தி எடுத்துவிட்டார். தட்டில் ஒன்றுமில்லை. எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தச் சொல்வதற்காக மூன்று பேரும் மில் சத்தத்துக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.