எமரியும் திருநீறும்

ஒன்பது வருஷமாக அமுலு அடுத்தவர் சிந்திய கம் பசையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷூவின் ஓரத்தில் வழிந்ததை ரப்பர் துண்டால் உருட்டி எடுக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் நூலை மெழுகுவத்தியில் கருக்க வேண்டும், துணியால் ஒரு துடை துடைத்துப் பெட்டிக்குத் தள்ள வேண்டும். ஆம்பூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வேலை. அமுலுவின் கை அங்கே இருந்தாலும் கண் மட்டும் நாலு மேஜை தள்ளி இருந்த ரஃப்பிங் மிஷின் மேலேயே இருந்தது.

அந்த மிஷினில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மோட்டார், அதன் நுனியில் சுழலும், உப்புத்தாள் போலச் சொரசொரப்பான எமரிப் பட்டை, தூசியை உறிஞ்ச ஒரு குழாய், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் ஒரு ஷூவும் ஷூ ஆகாது. தோல் மினுமினுப்பாக இருக்கிறவரை கம் அதை மதிக்காது. எமரி அந்த மினுக்கைக் கொஞ்சம் சுரண்டி அடக்கினால்தான் சோல் போய் உட்காரும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. சோல் எதுவரை ஏறுமோ அதுவரை வெள்ளிப் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். எமரி கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு ஏறினால் ஷூவின் முகத்தில் வடு விழும். கீழே ஒரு நூல் நின்றால் நாலே மாதத்தில் சோல் வாயைப் பிளக்கும்.

அதை ஓட்டிக்கொண்டிருந்த தனசேகர் மத்தியானம் சோறு தின்றதும் அட்டைப்பெட்டி மேல் படுத்துக் குறட்டை விடுகிற ஆள். அந்த அரைமணி நேரத்தில் கழித்துப்போட்ட ஷூக்களை எடுத்து அமுலு ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. குறட்டை நிற்பதற்குள் மிஷினை நிறுத்த மட்டும் கற்றுக்கொண்டாள். மீதியை எமரியே கற்றுக்கொடுத்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

போன வாரம் தனசேகர் வேலையை விட்டுவிட்டு மச்சானோடு பரோட்டாக் கடை போடப் போய்விட்டான். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அமுலு நேராகப் போய் மேனேஜர் அத்தீக் சாரிடம் கேட்டாள். தளத்தில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். ரஃப்பிங் மிஷினில் பெண்பிள்ளை நின்று அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. அத்தீக் சார் சிரிக்கவில்லை. கம் ஒட்டும் லைனில் இருந்த குணாவும் அதே இடத்தைக் கேட்டிருந்தான். அதனால் இருவருக்கும் ஆளுக்கு ஆறு ஜோடி கறுப்பு ஷூ கொடுத்துப் போட்டி வைத்துவிட்டார். யார் ஓட்டிய ஷூவில் சோல் உறுதியாகப் பிடிக்கிறதோ அவருக்கே அந்த இடம்.

"வெள்ளிக்கிழம ரெண்டு மணிக்கு. ஜும்ஆ தொழுகை முடிச்சி நான் வந்து நிப்பேன். ரெண்டுன்னா ரெண்டு" என்றார். அவர் நேரம் சொன்னால் சொன்னதுதான். கடிகாரமே அவரைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தளத்தில் கேலி செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணிக்கு முன்பே இருவரும் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வெள்ளிப் பேனா வாங்கிக் கோடு போட்டு முடித்தார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுத்ததும் ஸ்டோர்க்காரர் அலமாரியைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

குணா அமுலுவின் ஷூக்களைச் சுற்றி வந்து பார்த்தான். வாய்தான் பெரிது, மற்றபடி கெட்டவன் இல்லை.

"இன்னா அமுலுக்கா, கோடு நல்லாதான் கீது. ஆனா எமரி சுத்துற சுத்துல உன் வளையல் போயிடப்போவுது, பாத்து."

"வளையல் போனா வாங்கிக்கலாம்டா. உன் வாய் போனா இன்னா பண்ணுவ? அது ஒண்ணுதான் உன்கிட்ட ஒழுங்கா வேல செய்யுது."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அமுலுவுக்கு உள்ளே பயம். குணாவின் கூட்டாளிகள் விளையாட்டுப் பிள்ளைகள். போன மாதம்தான் அமுலுவின் மேஜைக்காரி எப்சிபாவின் செருப்பில் ஒன்றை எடுத்து ஏற்றுமதிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். தன் ஷூவில் கோட்டை அழித்து வைத்தால் என்ன ஆவது? சாப்பிடப் போகிற நேரத்தில் இவற்றை எங்கே ஒளித்து வைப்பது?

அவளுக்கு உடனே அடுப்பு ஞாபகம் வந்தது.

அடுப்பு என்று பெண்கள் சொல்வது ஷூவைச் சூடேற்றி வடிவம் பிடிக்க வைக்கும் நீளப் பெட்டியை. அதன் கடைசிப் பக்கத்தில் காலையிலேயே டிபன் டப்பாக்களைச் சொருகிவிடுவார்கள். மத்தியானம் எடுத்தால் இப்போதுதான் இறக்கிய குழம்பு போல ஆவி பறக்கும். மேனேஜருக்குத் தெரியாத ரகசியம் இது. தெரியாது என்று அவர்கள் நம்பினார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. அமுலு பன்னிரண்டு ஷூக்களையும் டப்பாக்களுக்கு நடுவில் வரிசையாக அடுக்கி, தட்டியைச் சாத்திவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கை கழுவப் போனாள்.

அன்று அவள் தயிர்ச்சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள். திரும்பி வந்து தட்டியைத் திறந்தபோது மணி ஒன்றரை.

ஷூக்கள் பத்திரமாக இருந்தன. கோடுகளைத்தான் காணோம்.

வெள்ளிப் பேனாக் கோடு சூடு பட்டால் மறைந்துவிடும். மறைய வேண்டும் என்பதற்காகவே செய்த பேனா அது. இதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அமுலுவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். திருடனுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகப் போய்விட்டது.

"மே எப்சி! இங்க வாமே!" என்று கத்தினாள்.

எப்சிபா அவளோடு ஒன்பது வருஷமாக ஒரே மேஜையில் நிற்பவள். வந்து பார்த்தாள், வாயில் கை வைத்தாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதமே, எனக்கு வயிறு எரியுது."

"அழுதா மட்டும் கோடு வந்துடுமா? போய்ப் பேனா கேளு."

"ஸ்டோர் பூட்டிக்கீது. அந்த ஆளு தொழுதுட்டு, வீட்டுக்குப் போயி பிரியாணி துன்னுட்டு, மூணு மணிக்குத்தான் வருவாரு."

"அப்ப சார்கிட்ட ஒரு மணி நேரம் கேளேன்."

"இன்னான்னு கேப்பேன்? குழம்புக்குப் பக்கத்துல ஷூவ வச்சிட்டேன்னா? அத்தினி பேரு டப்பாவும் மாட்டும். மாட்டாட்டியும், பொம்பளைக்கு மிஷின் குடுத்தா இப்படித்தான்னு காலத்துக்கும் சொல்லிக்காட்டுவானுங்க."

அமுலு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இரண்டு வருஷம் குறட்டைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கற்றதெல்லாம் ஒரு டப்பா குழம்போடு போயிற்றா? முகத்தைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பர்ஸில் கையை விட்டாள். கைக்குட்டையோடு சேர்ந்து வள்ளிமலைத் திருநீற்றுப் பொட்டலமும் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குப் போனபோது வாங்கி வைத்தது.

பொட்டலத்தையும் கறுப்பு ஷூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்சி, ஒரு சோலு எடு."

எப்சிபா எடுத்துக் கொடுத்த சோல் கிண்ணம் போல ஓரம் உயர்ந்தது. அந்த ஓரத்து நுனியில் மட்டும் அமுலு விரலால் திருநீற்றைத் தடவினாள். ஷூவின் அடியில் சோலை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். எடுத்தபோது கறுப்புத் தோலைச் சுற்றி வளைத்து வெள்ளையாக ஒரு கோடு நின்றது. பேனாவால் போட்டால்கூட அத்தனை சுத்தமாக வராது. சோல் உட்காரப்போகும் இடத்தைச் சோலே காட்டிக்கொடுத்தது.

"ஐயோ! தூசி பட்டா கம்மு புடிக்காதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

"கோட்டுக்கு உள்ள கீறத எமரி எடுத்துக்கினு போயிடும். வெளிய கீறத துணி எடுத்துக்கினு போயிடும். நீ தடவு, நான் அழுத்துறேன். சீக்கிரம்!"

"எங்க பாஸ்டர் பாத்தா இன்னா சொல்வாரு?" என்றபடியே எப்சிபா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு திருநீறு தடவினாள். பன்னிரண்டாவது ஷூவை அவர்கள் மேஜையில் வைக்கவும் அத்தீக் சார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மணி இரண்டு.

முதலில் குணா ஓட்டினான். வேகமாகத்தான் ஓட்டினான். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், சார் பக்கத்தில் நிற்கிறார். கோட்டைத் தாண்டி வடு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு ஷூவிலும் கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே கையை இழுத்துக்கொண்டான்.

அமுலு வளையல்களை மேலே தள்ளி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள். புதிதாக மாட்டிய எமரிப் பட்டை முதல் கடியிலேயே ஆழமாகக் கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கழிவுத் தோல் துண்டு ஒன்றை அதற்குக் கொடுத்துக் கொஞ்சம் கோபத்தைத் தணித்தாள். பிறகு ஷூவை வைத்தாள். சர்ரென்று சத்தம் வந்தது. தோலின் மினுக்கு போய்ச் சாம்பல் நிறப் பஞ்சு போல மேலே எழும்பியது. குதிகாலில் இருந்து மூக்குவரை, மூக்கில் இருந்து குதிகால்வரை, கை தன்பாட்டுக்குப் போனது. மூன்றாவது ஜோடிக்குள் பயம் போய்விட்டது. ஐந்தாவது ஜோடியில் அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் நிற்பது மேனேஜர் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

பிரஷ் அடித்து, துணியால் துடைத்து, கம் பூசி, சோலை ஒட்டி வைத்தார்கள். ஒரு நாள் காய வேண்டும். அன்று ராத்திரி அமுலு தூங்கினாளா என்று அவள் புருஷனைத்தான் கேட்க வேண்டும். அவனையும் தூங்க விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சோதனை மிஷினைச் சுற்றித் தளமே கூடிவிட்டது. அது ஷூவை ஒரு பக்கமும் சோலை ஒரு பக்கமும் கவ்விக்கொண்டு இழுக்கும். முதலில் குணாவின் ஷூ. கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு மூக்குப் பக்கம் ஓரம் மெல்ல விட்டது. எமரி படாத அந்த ஒரு நூல் இடத்தில் தோல் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே தொடங்கிய பிளவு மேலும் மேலும் போனது.

அடுத்தது அமுலுவுடையது. மிஷின் இழுத்தது. அளவு காட்டும் முள் குணாவின் ஷூ விட்ட எண்ணைத் தாண்டியது. இன்னும் இழுத்தது. எப்சிபா அமுலுவின் கையை நசுக்கிவிட்டாள். டப்பென்று ஒரு சத்தம். அமுலு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, கண்ணத் தொற!" என்று கத்தியது குணா. "தோலு கிழிஞ்சிபோச்சிக்கா! சோலு வுடல!"

பார்த்தாள். சோல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல்தோல்தான் தாங்காமல் கிழிந்து தொங்கியது. இதற்குமேல் ஒரு ஒட்டு கிடையாது என்று அந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலில் விசில் அடித்தவனும் குணாதான்.

அத்தீக் சார் ஷூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். அவர் புருவம் சுருங்கியது.

"வேலை ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா இதுல ஏம்மா கருவாட்டுக் குழம்பு வாசனை வருது?"

எப்சிபா தரையைப் பார்த்தாள், குழம்பு அவளுடையது. ஜெயித்த பிறகு பொய் சொல்ல அமுலுவுக்கு மனம் வரவில்லை.

"நான்தான் சார் ஷூவ அடுப்புல ஒளிச்சி வச்சேன். கோடெல்லாம் பூடுச்சி. திருநீறு தடவி சோல அழுத்தி வேற கோடு போட்டேன்."

அவர் ஷூவை இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திருநீத்துக் கோட்ட வச்சா இப்படி ஓட்டின? தனசேகருக்குப் பேனாக் கோடு இருந்தும் வராதேம்மா! அப்புறம் அந்த அடுப்பு எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். ஷூ பக்கத்துல மட்டும் டப்பா வைக்காதீங்க. திங்கக்கிழமைல இருந்து என் டப்பாவுக்கும் ஓரமா ஒரு இடம் பாருங்க."

சிரிப்புச் சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. மிஷின் தலையில் ஆபரேட்டர் பெயர் எழுதுகிற கறுப்புத் தகட்டில் இன்னும் தனசேகர் என்றே இருந்தது. அத்தீக் சார் அதைக் கைக்குட்டையால் அழித்தார். சட்டைப்பையில் இருந்த வெள்ளிப் பேனாவை எடுத்து அமுலுவிடம் நீட்டினார்.

"இந்தா, உன் பேர நீயே எழுது."

அமுலு பேனாவை வாங்கினாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது சூடு பட்டா மறஞ்சிடும் சார். அழியாத பேனாவா ஒண்ணு குடுங்க."