கிளிப் போட்ட வாய்

எங்கள் மேசையில் செத்துப்போனால் வாயில் துணி கிளிப் மாட்டிக்கொள்ள வேண்டும். செத்தவர் பேசக் கூடாது. யாராவது உயிரோடு திரும்ப அழைத்தால், அழைத்தவர் கையால்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். என்னை மனதில் வைத்துத்தான் என் கணவர் இந்தச் சட்டத்தையே கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சலவைக் கடைக்கு விடுமுறை. ஷட்டரை இறக்கிவிட்டு, பின்னறையில் இஸ்திரி மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி போட்டுக் கதை விளையாட்டு ஆடுவோம். என் கணவர் கதை சொல்வார். காடு வரும், கோட்டை வரும், பூதம் வரும். மற்ற மூவருக்கும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வளர்ந்தவர்கள் ஆடுகிற ஆட்டமா இது என்று மூக்கில் விரல் வைப்பவர்கள் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் கோடரிக்காரி. மூன்று வருடமாக அவளாக இருக்கிறேன். அவள் உடம்பில் எந்தத் தழும்பு எந்தச் சண்டையில் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்த தெருப் பல் டாக்டர் திருடன் வேடம். என் நாத்தனார் வைத்தியச்சி.

நாத்தனாரின் கணவர் போன மழைக்காலத்தில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. டாக்டர்கள் என் கணவரிடம் பேசினார்கள். சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசினார்கள். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "பரவாயில்ல". இரண்டே வார்த்தையில் ஒரு வருடத்தை ஓட்டினாள். கடையில் பின்னறையிலேயே உட்கார்ந்து பட்டன் தைப்பாள். முன்னால் வாடிக்கையாளர் வந்து நின்றால் கத்தரிக்கோலால் மேசையில் தட்டி என்னைக் கூப்பிடுவாள். சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். அங்கேயும் காயத்துக்குக் கட்டுப் போடுவாள், அவ்வளவுதான். கதைக்குள் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் நான் பேசுவேன். வாயில்லாப் பூச்சிக்கு நான் வாய். எனக்கு அது ஒரு வேலையே இல்லை, கடவுள் எனக்கு இரண்டு ஆள் வாயைக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலத்தில் ஒரு கல் பூதம் வழிமறித்தது. டாக்டரின் திருடன் பாலத்துக்கு அடியில் தொற்றிக்கொண்டு ஏற்கெனவே அக்கரை போய்விட்டான்.

"அவசரப்படாதீங்கக்கா. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார் டாக்டர்.

"பூமியை நீங்களே ஆளுங்க. நான் இந்தப் பூதத்தை ரெண்டு போடறேன்" என்று பகடையை வீசினேன்.

ஒன்று விழுந்தது. இருக்கிற எண்களிலேயே படுமோசமான எண் அதுதான். பூதம் என்னைத் தூக்கி ஆற்றில் எறிந்தது. என் கணவர் கிளிப்பை என் பக்கம் தள்ளினார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆற்றுக்கு அடியில் மரணத்தின் கதவு இருக்கிறது, அதற்கு ஒரு வாசல்காரன். இக்கரையில் உயிரோடு இருப்பவர் ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்கலாம். பேச்சு சாதாரணம் என்றால் பகடையில் பதினெட்டு விழ வேண்டும், மனசைத் தொட்டால் பத்து போதும். தவறினால் கோடரிக்காரி போனவள் போனவள்தான்.

இக்கரையில் இருந்தது வைத்தியச்சி மட்டும்.

'பரவாயில்ல' என்று சொல்லிவிட்டால் என் மூன்று வருடமும் போச்சு. கண்ணை உருட்டி ஜாடை காட்டினேன்.

"கண்ணாலயும் பேசக் கூடாது" என்றார் கணவர். தங்கை பக்கம் திரும்பினார். "வாசல்காரன் கேக்கறான். உனக்கு என்ன வேணும்?"

அவள் பகடையை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் உள்ள வரணும்."

"உயிரோட இருக்கறவங்க உள்ள வரக் கூடாது. அங்கேயே இரு."

நாற்காலி பின்னால் சரிய அவள் எழுந்தாள்.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னாங்க. அங்கேயே இருன்னாங்க. இருந்தேன். அவர் செருப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. என்னை யாருமே ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தா அவர் எனக்கு வேணும்னு சொல்லியிருப்பேன். கத்தியிருப்பேன்."

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் மட்டும் வாசல்காரன் வேடத்தை விட்டு இறங்கவில்லை. அதற்காகவே அந்த மனுஷனுக்கு இன்னொரு தடவை கழுத்தை நீட்டலாம்.

"இப்போ நான் கேக்கறேன்" என்றார். "இவ உனக்கு வேணுமா?"

"வேணும். சண்டைக்காரிதான். யார் பேச்சையும் கேக்க மாட்டாங்க. ஆனா எனக்குச் சோறு இறங்காதப்ப, தட்டோட எதிர்ல உக்காந்து திட்டித் திட்டியே சாப்பிட வச்சாங்க. இவங்களைக் கொடுக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"பத்து போதும்" என்றார் என் கணவர்.

அவள் வீசினாள். அதே நேரம் எனக்கு அடக்க முடியாமல் விம்மல் வெடித்தது. கிளிப் தெறித்து மேசையில் விழுந்தது. உருண்டு வந்த பகடை அதன்மேல் சாய்ந்து நின்றது. மேல் முகத்தில் பத்தொன்பது. சாய்ந்த பகடை செல்லாது, மறுபடி வீச வேண்டும் என்பது எங்கள் முதல் சட்டம்.

"இருந்தும் கெடுத்தீங்க, செத்தும் கெடுத்தீங்களேக்கா!" என்று டாக்டர் தலையில் கை வைத்தார்.

"செல்லும்! பத்தொன்பதுதான்! செல்லும்!" என்று கத்தினேன்.

"அண்ணி!"

அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"செத்தவங்க பேசக் கூடாது. வாயை மூடிக்கிட்டு ஒழுங்காச் செத்துக் கிடங்க!"

இந்த வீட்டில் என்னை வாயை மூடச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போனதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஆனந்தத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவள் மறுபடி வீசினாள். பகடை மேசையில் விரித்திருந்த இஸ்திரிப் போர்வையின் மடிப்பில் ஏறி இறங்கி, இஸ்திரிப் பெட்டியில் முட்டி நின்றது.

பதினொன்று.

டாக்டர் மேசையில் குத்திய குத்தில் இஸ்திரிப் பெட்டி துள்ளியது. என் கணவர் நாற்காலிமேல் ஏறி நின்று கூவினார். நான் கிளிப்போடு என்னால் முடிந்த அளவு முனகினேன். அந்தச் சமயம் பார்த்து யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நான் எழப்போனேன். நாத்தனார் கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தானே போய் ஷட்டரைப் பாதி தூக்கினாள்.

"உள்ளே ஆள் இருக்கீங்கள்ல? ஒரே ஒரு கோட்டுதான், எடுத்துக் கொடுங்களேன்" என்றது ஓர் ஆண் குரல்.

"இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்க."

"நீங்க யாரு? எப்பவும் இருக்கிற அந்தம்மா எங்க?"

"அவங்க செத்துக் கிடக்கறாங்க. இப்பத்தான் உயிர் கொடுத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு வாங்க."

ஷட்டர் தடாலென்று இறங்கியது. அவள் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கிளிப்பை எடுத்தாள்.

"எழுந்திருங்க அண்ணி. இப்ப பேசுங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தேன்.

"பரவாயில்ல" என்றாள் அவள். "அந்தப் பூதத்துக்கிட்ட நானே பேசிக்கறேன்."